இஸ்ரவேலின் காற்றுச் சக்கரங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து மோட்டார் ஓட்டி வருகிற இஸ்ரவேல், முக்கூடலுக்குள் நுழைந்ததும் நேரே வாழைக்குலைக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். போக மாட்டான். வேதக்கோயில் தெரு முனையில் ஒரு புளியமரம் நின்றது. அதன் அடியில் நிறுத்தி, இறங்கி, பம்பை எடுத்து டயருக்குக் காற்று அடிக்க ஆரம்பிப்பான். காற்று அடிக்க ஊரில் வேறு இடமா இல்லை? கொட்டகையில் நல்ல நிழல் உண்டு, கேட்டால் மோர் கொடுக்க ஆளும் உண்டு. ஆனால் அங்கே அடித்தால் பம்புச் சத்தம் வேதக்கோயில் தெருவுக்குள் கேட்காது. அந்தத் தெருவில், தாயார் வீட்டில், அவன் பெண்டாட்டி சாரம்மாள் இருந்தாள்.

வந்து எட்டிப் பார்க்கிறாளா என்று அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அவ்வளவு மானம் மிச்சமிருந்தது. குனிந்து பம்பை அடித்துக்கொண்டே காதை மட்டும் தெருப்பக்கம் வைத்திருப்பான். எந்தக் கதவு திறந்தாலும் அது யார் வீட்டுக் கதவு என்று அவனுக்குத் தெரியும். சாரம்மாள் வீட்டுக் கதவும் திறக்கும். அவள் தாயார் ஞானப்பூ வந்து கழுநீரைக் கொட்டிவிட்டுப் போவாள், கதவு சாத்திக்கொள்ளும். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெண்டாட்டியைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறவனைப் பார்த்திருக்கிறோம், பம்பு அடித்துக் கூப்பிடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். இஸ்ரவேல் அதற்கும் குனிந்தே இருந்தான்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை என்றால் சமாதானம் பேச உபதேசியாராவது வந்திருப்பார். எப்போதாவது அவன் துணிந்து வாசலுக்குப் போய் நின்றால், சாரம்மாள் "வாங்க" என்பாள், சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாள், தண்ணீர் கொண்டு வந்து வைப்பாள். பிறகு கோயிலடிப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்லேட்டுகளை அடுக்கிக்கொண்டு போய்விடுவாள். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வேலை. அவள் போன பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவதைவிட, இரண்டு வசவு வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அவனுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

இதெல்லாம் எங்கிருந்து ஆரம்பித்தது என்றால், அவன் அப்பன் பட்டறையிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் அப்பனுக்கு வண்டிப்பட்டறை. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுகிற தொழில். பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தின் மேல் இறக்கி, தண்ணீரை ஊற்றினால் அது சுருங்கி மரத்தை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். ஆறிய பிறகு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். கணீர் என்றால் சக்கரம் நல்ல சக்கரம். மொத்தென்று கேட்டால் பட்டை தளர்ச்சி, கழற்றி மறுபடியும் காய்ச்ச வேண்டியதுதான். இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் இஸ்ரவேல். சக்கரம் என்றால் இறுகியிருக்க வேண்டும், தட்டினால் பேச வேண்டும் என்பது அவன் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம்.

அம்பாசமுத்திரத்தில் ஆவுடைநாயகம் பிள்ளை என்று ஒரு நெல் வியாபாரி. வாழைக்காய் வியாபாரமும் உண்டு. தூத்துக்குடியில் ஒரு பஞ்சுக் கம்பெனித் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன மோட்டாரைப் பிள்ளைவாள் வாங்கி வந்தார். பின்பக்கத்து மெத்தை ஆசனத்தை அறுத்தெறிந்துவிட்டு, ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகையில் ஒரு தொட்டி அடித்து வைத்தார். முக்கூடல் வாழைக்குலையை அம்பாசமுத்திரம் ரயிலுக்குக் கொண்டுவர அதுதான் வாகனம். தூத்துக்குடியில் மோட்டார் பழகிவிட்டுச் சும்மா இருந்த இஸ்ரவேல் அதற்கு டிரைவரானான். ஏற்ற இறக்கப் பூதத்தான் என்று ஒரு ஆள். அந்த வட்டாரத்தில் மோட்டார் பார்க்காத ஜனமே அதிகம் என்பதால் இஸ்ரவேலுக்குத் தலை கொஞ்சம் கிறுகிறுத்துத்தான் இருந்தது.

சாரம்மாள் தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் தாய்வீட்டார் வந்து அழைத்துப் போவது வழக்கம். ஞானப்பூவும் முறைப்படி மாட்டுவண்டி அனுப்பியிருந்தாள். வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு, கூண்டுக்குத் திரை கட்டிய வண்டி. பைய ஓட்டுகிற கிழட்டு வண்டிக்காரன். இஸ்ரவேல் அந்த மெத்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டான். மோட்டார் டிரைவர் பெண்டாட்டி மாட்டுவண்டியில் போவதா? ஊர் சிரிக்காதா? சாரம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா என்று பிற்பாடு அவன் எத்தனையோ முறை தன்னைத்தானே கேட்டுப் பார்த்திருக்கிறான். கேட்டிருக்க மாட்டான் என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

பெண்டாட்டி ஏறுகிற வண்டி ஆயிற்றே என்று அன்றைக்கு டயர்களுக்கு விசேஷ கவனிப்பு. பூதத்தானும் அவனுமாக மாறி மாறி அடித்தார்கள். விரல் முட்டியால் சுண்டினால் டண் என்று கேட்கிற வரைக்கும் அடித்தார்கள். அப்பன் இருந்து கேட்டிருந்தால் சபாஷ் சொல்லியிருப்பார். தொட்டியில் மெத்தையை விரித்து சாரம்மாளை உட்கார வைத்தான். ஒரு பலகாரக் கூடையும் துணிமூட்டையும் தவிர வேறு பாரம் இல்லை.

அதுதான் வினை. இறுகிப்போன டயரும் பாரமில்லாத பின்பக்கமும் சேர்ந்தால் மோட்டார் ரோட்டில் ஓடாது, ரோட்டின் மேல் துள்ளிக்கொண்டு போகும். கல்லுக்குக் கல் எகிறும். எகிறும்போது சக்கரத்துக்குத் தரையே கிடையாது. தரை இல்லாத நேரத்தில் வளைவு வந்தால் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு விலகும். பாப்பாக்குடி தாண்டி ஒரு வாய்க்கால் பாலம். அதன் மேட்டில் வண்டி குதித்தது, பின்பக்கம் சறுக்கியது, ஒரு சக்கரம் வாய்க்கால் கரையில் இறங்கிப் புதைந்து நின்றது. இஸ்ரவேல் குதித்து இறங்கினான். சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். டயருக்கு ஒன்றுமில்லை, ஸ்தோத்திரம் என்றான். தொட்டிக்குள் சாய்ந்து கிடந்த சாரம்மாளும் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள்.

முன்னால் புறப்பட்டு, வழியில் இவர்களுக்குப் பின்தங்கிவிட்டிருந்த அந்த மாட்டுவண்டியே அப்போது வந்து சேர்ந்தது. சாரம்மாளை அதில் ஏற்றி அனுப்பினான். அவன் கூடப் போயிருக்கலாம். ரயிலுக்கு வாழைக்குலை போக வேண்டும், மோட்டாரைத் தூக்கியாக வேண்டும், முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். மாடு பிடித்து வந்து கட்டி இழுத்து, மோட்டார் மேலே ஏறி, அவன் முக்கூடல் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பெண் பிள்ளை. மூச்சில்லாமல்தான் பிறந்தது என்றார்கள். அதற்குள் எடுத்துக்கொண்டு போய் அடக்கமும் செய்துவிட்டார்கள். சாரம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

உடம்பு தேறியதும் வருவாள் என்று இருந்தான். கார் நெல் அறுப்பு முடிந்ததும் வருவாள் என்று இருந்தான். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருவாள் என்று வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்தான். வெள்ளையடித்த வீட்டில் அவன் ஒருவனே உட்கார்ந்து பண்டிகை கொண்டாடினான். சாரம்மாள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே அவள் சீப்பு இருந்தது. கொடியில் கிடந்த அவள் பழைய சேலையை மடித்து வைக்க மனம் வரவில்லை, அது கொடியிலேயே கிடந்து சாயம் போயிற்று. அம்பாசமுத்திரத்தில் எந்தத் தெருவில் எந்தப் பெண்பிள்ளை யாரை ஏசினாலும் அவனுக்கு அது பொறாமையாக இருந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து முக்கூடல் சபைக்கு வந்துபோகிற டாக்டரம்மா, இப்படிப் பிள்ளைகள் தவறுவது உண்டு, மோட்டார்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றாள். அவன் நம்பவில்லை. மோட்டார் குலுக்கியது, பிள்ளை போயிற்று, பெண்டாட்டி போனாள். அவன் கணக்கு அதுதான். ஆகவே குலுக்காத மோட்டார் ஒன்று ஓட்டிக் காட்டினால் அவள் திரும்பி வருவாள். இந்த எண்ணம் வந்ததற்குப் பிறகு மனிதன் வேறு ஆளாகிவிட்டான்.

முதலில் காற்றை இறக்கிப் பார்த்தான். பட்டறைக்காரன் மகனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லி முடியாது. தளர்ந்த சக்கரத்தைத் தொட்டாலே அவனுக்கு உடம்பு கூசும். கூசிக்கொண்டே இறக்கினான். வண்டி கொஞ்சம் அடங்கி ஓடியது. இன்னும் இறக்கினான், இன்னும் அடங்கியது. அடடா என்று அளவு மீறி இறக்கிவிட்டு, கடனா ஆற்று மணல்துறையில் வேகமாகத் திரும்பினான். டயர் வளையத்தைவிட்டு உருவிக்கொண்டு வெளியே வந்து, டியூபின் வாயும் பிய்ந்துபோயிற்று. பூதத்தான் அந்த டியூபைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு இனி ஜெபம்தான் பண்ணணும்" என்றான்.

இஸ்ரவேல் விடவில்லை. புழுதியில் டயர் பதிந்த தடத்தைக் குனிந்து பார்க்கப் பழகினான். காற்று அதிகமானால் தடம் நடுவில் மட்டும் ஒல்லியாக விழுகிறது. குறைந்தால் இரண்டு ஓரமும் அழுந்தி நடு மங்கலாகிறது. அகலம் முழுக்க ஒன்றுபோல விழுந்தால் சரியான காற்று. பாரத்தோடு வரும்போது பின் டயருக்குக் கூடுதல் வேண்டும்; வெறும் தொட்டியோடு போகும்போது அதையே இறக்கிவிட வேண்டும். முன் டயரில் மட்டும் கை வைக்கக் கூடாது, அது தளர்ந்தால் வண்டி திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். துரை வைத்திருந்த டயர்களில் வழவழப்பானது இரண்டு, வரி போட்டது இரண்டு. வரி போட்டதை முன்னால் மாட்டினால் ஈர மண்ணில் சொன்ன பேச்சுக் கேட்டது. இதையெல்லாம் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. ஆசைதான் சொல்லித் தந்தது.

சரி, குலுக்கல் குறைந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, தொட்டியில் சாரம்மாள் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தான். அம்பாசமுத்திரத்தில் வைத்த செம்பு முக்கூடல் வந்து சேரும்போது முதலில் காலிச் செம்பாகத்தான் இருந்தது. பிறகு கால்செம்பு தங்கியது. பிறகு அரைச்செம்பு. பூதத்தானுக்குச் செம்பைக் காவல் காக்கிற வேலை. தளும்பினால் எந்த இடத்தில் தளும்பியது என்று சொல்ல வேண்டும். மோட்டாரில் தண்ணீர் சுமக்கிற கிறுக்கு முதலாளிக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும் என்று அவன் முணுமுணுத்தான். முணுமுணுத்தாலும் செம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இஸ்ரவேலின் ஆசை அவனையும் தொற்றிக்கொண்டது.

பிள்ளைவாளுக்கு வேறு தலைவலி. அந்தப் பக்கமெல்லாம் உடைமரக் காடு. வேலிக்கு முள் வெட்டிச் சுமந்து போகிறவர்கள் ரோடு நெடுகச் சிந்திக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு முள்ளும் ஊசி. வாரம் தவறாமல் டியூப் ஓட்டையாகும், ஒட்டுப் போட்டு முடிப்பதற்குள் ரயில் போய்விடும், வாழைக்குலை ஸ்டேஷனிலேயே பழுக்கும். அதோடு ஜெர்மனிக்காரன் சண்டை வேறு தொடங்கிவிட்டது. சென்னப்பட்டணத்தில் டியூபுக்குச் சொன்னால் பதில் வரவே மாதக்கணக்காயிற்று. பிள்ளைவாள் யோசித்தார். காற்றே இல்லாத கட்டி ரப்பர் டயர் என்று ஒன்று உண்டாம், லாரிகளுக்குப் போடுகிறார்களாம், முள்ளும் ஏறாது, பம்பும் வேண்டாம் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள்.

"ஏலே, நாலு சக்கரத்தோட சேத்து எழுதிப் போட்டாச்சு. வந்ததும் மாட்டிரு. பொறவு உனக்கு இந்தக் காத்தடிக்கிற பாடு கெடையாது" என்றார்.

அவனுக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார். இஸ்ரவேலின் கணக்கோ வேறு. கட்டி டயர் என்றால் மாட்டுவண்டிப் பட்டைக்கு ரப்பர் போர்வை போர்த்திய கதைதான். இறக்குவதற்கு அதில் காற்றே கிடையாது. அது வந்து மாட்டிய நாளோடு சாரம்மாள் இந்த வண்டியில் ஏறுவது என்ற பேச்சே முடிந்தது. கும்பிடாத குறையாகக் கேட்டுப் பார்த்தான். எஞ்சின் உதறிப்போகும் என்றான், வாழைக்குலை நசுங்கும் என்றான், தொட்டிப் பலகை விட்டுப்போகும் என்றான். எல்லாம் நியாயமான பேச்சுத்தான். ஆனால் உண்மையான காரணத்தைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. பிள்ளைவாள் சிரித்துக்கொண்டே, சண்டைக் காலத்தில் கப்பல் வருகிறபோது வரட்டும், அதுவரை உன் காற்றை வைத்து ஓட்டு என்று சொல்லிவிட்டார்.

கப்பல் வருவதற்குள் காரியம் ஆக வேண்டும். இஸ்ரவேல் ராப்பகலாய் அதே நினைப்பாக இருந்தான். எந்தப் பள்ளத்தில் எவ்வளவு மெதுவாக இறங்குவது, எந்த மேட்டை ஓரமாக ஏறுவது என்று ரோடு முழுவதும் மனப்பாடமாயிற்று. பூதத்தான் ஓய்ந்த நேரத்தில் மண்வெட்டியை எடுத்துப் போய் மோசமான குழிகளில் சரளை அள்ளிப் போட்டான். பிசான நெல் அறுப்பு முடிந்து ரோடு காய்ந்து, மாசி வெயில் தொடங்குகிற சமயம் ஒரு நாள், பாப்பாக்குடி தாண்டி முக்கூடல் புளியமரத்தடியில் வண்டி வந்து நின்றபோது, பூதத்தான் தொட்டிக்குள்ளிருந்து வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டிக் கூப்பிட்டான். இஸ்ரவேல் போய்ப் பார்த்தான். செம்பில் தண்ணீர் விளிம்பு மாறாமல் நின்றது.

பம்பை எடுக்கவில்லை. செம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வேதக்கோயில் தெருவுக்குள் நடந்தான். வண்டியில் சிந்தாதது நடையில் சிந்திவிடக் கூடாதே என்று அடிமேல் அடி வைத்து நடந்தான். திறந்த கதவுகளிலெல்லாம் தலைகள் தெரிந்தன. சாரம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் செம்பை வைத்துவிட்டு நிமிர்ந்தான். மூச்சு வாங்கியது.

"அம்பாசமுத்திரத்துல மொண்ட தண்ணி" என்றான். "மோட்டார்லதான் வந்திருக்கு. ஒரு சொட்டு சிந்தல. நீ வந்து ஏறிப் பாரு, சாரா. இப்ப அது குலுக்காது."

சாரம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். செம்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அப்படி ஒரு களைப்பை அவன் அவளிடம் பார்த்ததில்லை.

"வண்டி குதிச்சதுக்காவா நான் இங்கன இருக்கேன்னு நெனச்சிய?" என்று கேட்டாள். "மாட்டுவண்டியில வந்திருந்தாலும் பிள்ள தங்கியிருக்காதுன்னு டாக்டரம்மா என்கிட்டயும் சொல்லிட்டா. நான் நம்புதேன். வண்டி நின்னதும் நீங்க இறங்குனிய. இறங்கிச் சக்கரத்தத் தடவுனிய. நான் தொட்டிக்குள்ள வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். இப்ப வந்துருவிய, இப்ப வந்துருவியன்னு பாத்தேன். டயருக்கு ஒண்ணுமில்ல, ஸ்தோத்திரம்னு சொன்னிய."

இஸ்ரவேல் குனிந்து செம்பைப் பார்த்தான்.

"அதுக்குப் பொறவும் இத்தன நாளா வந்து தெருமுக்குல காத்துதான அடிக்கிய" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றானோ. செம்பை எடுத்துக்கொண்டு போகும்படி ஞானப்பூதான் வந்து சொன்னாள். அன்றைக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஒவ்வொரு குழியிலும் வண்டி இறங்கி ஏறியது. அவன் எதையும் ஒதுங்கி ஓட்டவில்லை. குலுக்கலை நிறுத்தினால் போதும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் பட்ட பாடெல்லாம் அவனுக்கு இப்போது வேறுவிதமாகத் தெரிந்தது. வண்டி வாய்க்காலில் இறங்கிய அன்றைக்கும் சக்கரத்தைத்தான் பார்த்தான். இன்றைக்கு வரைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு நாள்கூட அவன் கண்ணில் படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இஸ்ரவேல் அம்பாசமுத்திரத்திலிருந்து முக்கூடலுக்கு நடந்தே போனான். மோட்டாரைக் கேட்டால் பிள்ளைவாள் தந்திருப்பார். கேட்கவில்லை. ஆராதனை முடிந்து ஜனம் வெளியே வரும்போது, முழங்கால் வரை செம்மண்ணாக, கோயில் வாசலில் நின்றான். சாரம்மாள் பார்த்துவிட்டு, மோட்டார் எங்கே என்று கேட்டாள். கொண்டுவரவில்லை என்றான். பிறகு, நடந்து வந்த பத்து மைல் தூரமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததைக் கேட்டான்.

"பிள்ளைய எங்கன வச்சிய?"

சாரம்மாள் முன்னால் நடந்தாள். கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம், அதன் கடைசியில் கள்ளிவேலி. வேலியோரம் ஆற்றிலிருந்து கொண்டுவந்த ஒரு தட்டைக் கல் கிடந்தது. எழுத்து ஒன்றும் கிடையாது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குப் பேர் ஏது, எழுத்து ஏது? அந்தக் கல்லைச் சுற்றிப் புல் இல்லாமல் சுத்தமாக இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்து அவள் தினமும் இங்கே வருகிறாள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவன் புளியமரத்தடியில் பம்பு அடித்துக்கொண்டிருந்த நாட்களில், சில நாள் அவள் வீட்டிலேயே இருந்திருக்க மாட்டாள்.

பிள்ளை எப்படி இருந்தது என்று கேட்டான். தலை நிறைய முடி என்றாள். நெற்றி அவன் தாயாரைப்போலவே இருந்தது என்றாள். விரல்கள் நீளம் என்று தன் விரலைக் காட்டினாள். இஸ்ரவேல் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வயது வந்த ஆண்பிள்ளை அழக் கூடாது என்கிற கூச்சமில்லாமல் அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, நடந்து வந்தீர்களே, காலில் முள் ஏறியிருக்கிறதா பாருங்கள் என்றாள். ஏறித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் நடந்துதான். வா என்று அவன் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. ஞானப்பூ இரண்டு பேருக்கும் சோறு போடுவாள். சாப்பிட்டுவிட்டு அவன் திரும்பி நடப்பான். வழியெல்லாம் அவள் சொன்ன சின்னச் சின்னப் பேச்சை நினைத்துக்கொண்டே போவான். முன்னாலாவது வருவாள் வருவாள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது அதுவும் இல்லை, ஆனால் ஏக்கம் மட்டும் பல மடங்கு ஏறிப்போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு அப்புறம் பிரிந்து போவது, பார்க்காமலே இருப்பதைவிடக் கொடுமை.

இதற்கிடையில் கட்டி டயர் வந்து இறங்கியது. இஸ்ரவேல் மறுபேச்சுப் பேசாமல் பழைய சக்கரங்களைக் கழற்றி அதை மாட்டினான். பிள்ளைவாளுக்கே கொஞ்சம் ஏமாற்றம். இவன் மல்லுக்கு நிற்பான், நாமும் நாலு வார்த்தை பேசலாம் என்று தயாராக வந்திருந்தார். முள் பயம் தீர்ந்தது, ரயிலும் தவறவில்லை. ஆனால் அந்த வண்டியில் ஒரு தரம் முக்கூடல் போய் வந்தால் பல்லெல்லாம் இடம் மாறிவிடும்போல இருந்தது. பம்புக்கு வேலையில்லாமற் போனதால் புளியமரத்தடியில் நிற்கவும் காரணமில்லை. நேரே கொட்டகைக்குப் போய்விடுவான்.

அப்படிக் கொட்டகையில் குலை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், பூதத்தான் வேலையை நிறுத்திவிட்டு இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினான். இஸ்ரவேல் திரும்பிப் பார்த்தான். சாரம்மாள் வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஞானப்பூ, மகளின் துணிமணி வைத்த தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இஸ்ரவேலுக்குச் சந்தோஷப்படக்கூடத் தைரியம் இல்லை. இது கட்டி டயர், எலும்பைக் கழற்றிவிடும், கொஞ்சம் பொறு, நான் போய் மாட்டுவண்டி பிடித்து வைக்கோல் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னான். மெத்தையாவது போடுகிறேன் என்றான். சாரம்மாள் அதற்குள் பூதத்தான் நகர்த்திக் கொடுத்த இடத்தில் ஏறி, வாழைக்குலைகளுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். ஞானப்பூ பெட்டியை ஏற்றிவிட்டு, மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள்.

பூதத்தான் முன்னால் வந்து இஸ்ரவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி கிளம்பியது. ஊர் எல்லை தாண்டியதும் கட்டி டயர் தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. முதல் குழியில் தொட்டி எகிறியது. இஸ்ரவேல் உடனே வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றுமில்லையே என்று கேட்டான், ஒன்றுமில்லை என்றாள். அடுத்த குழியிலும் நிறுத்தினான். அதற்கடுத்த கல்லுக்கு நிறுத்தவில்லை, ஓட்டிக்கொண்டே கழுத்தை முழுக்கத் திருப்பிப் பின்னால் பார்த்தான். மோட்டார் பாட்டுக்கு ஓரத்து ஆவாரஞ்செடிகளை உரசிக்கொண்டு போயிற்று. எதிரே விறகுக் கட்டோடு வந்தவர்கள் பள்ளத்தில் இறங்கி நின்றார்கள். பூதத்தான் ஆண்டவன் பேரையும் அம்மன் பேரையும் சேர்த்தே சொன்னான்.

"என்னைய என்னத்துக்குப் பாக்கிய?" என்றாள் சாரம்மாள், குலைகளுக்கு நடுவிலிருந்து. "ரோட்டப் பாருங்க."

இஸ்ரவேல் ரோட்டைப் பார்த்தான். கொஞ்ச தூரம்தான் பார்த்தான்.